தகர ஷெட்டும் கட்டடம்தான்
கடலூர்ப் பக்கம் பட்டறைக்குத் தகர ஷெட் போட அனுமதி வேணுமா என்று ஒருவர் கேட்டதற்கு, “பைப் நட்டு தகர ஷீட் போடறதுக்கு அனுமதி எதுக்கு? மதில் வரைக்கும் இழுத்துக்குங்க” என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டவர் தயவுசெய்து இதை நம்பி வேலையை ஆரம்பிக்காதீங்க. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 கட்டடம் என்று சொல்வதில் கொட்டகையும் சேர்த்திதான். செங்கல், மரம், உலோகம், எதில் கட்டினாலும் சரி.

மதில் வரை இழுப்பது அதைவிடப் பெரிய தப்பு. 2019 கட்டட விதிகள் பின்னாலும் பக்கத்திலும் காலியிடம் விடச் சொல்வது சும்மா இல்லை. கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் கொட்டும். 2011 டிசம்பர் 30, தானே புயலில், பைப்போடு பிடித்திருந்த ஜே போல்ட்டோடு (கொக்கி ஆணி) பிய்ந்த ஷீட்டுகள் யார் வீட்டில் போய் விழுந்தன என்று கடலூர்க்காரர்களுக்குத் தெரியும்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் (வீட்டுக்காரரே சான்று கொடுத்து ஆன்லைனில் அனுமதி வாங்குவது) 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்டத்தான். பட்டறை, குடோனுக்குச் செல்லாது. தேவனாம்பட்டினம், உப்பனாற்று ஓரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளையும் பார்க்கணும். பாகூர் பக்கம் என்றால் புதுச்சேரி விதிகள், அது தனி.

பத்திரம், மனை வரைபடத்தோடு மாநகராட்சி நகரமைப்புப் பிரிவில் கேட்டுவிட்டு வெல்டருக்கு அட்வான்ஸ் கொடுங்க.