லவுஞ்ச் சாப்பாட்டை எதை வைத்து மதிப்பிடுவது?

விமான நிலைய லவுஞ்சுகளை, அதாவது விமானம் ஏறும்வரை பயணிகள் உட்கார்ந்து சாப்பிட்டு ஓய்வெடுக்கும் தனி இடங்களை, பற்றி வரும் பதிவுகள் பெரும்பாலும் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகின்றன. இத்தனை வகை சாலட், இத்தனை வகை இனிப்பு, நீளமான பஃபே மேசை, அதற்கொரு படம். இந்த அளவுகோலில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஒரு லவுஞ்சில் பாத்திரங்கள் வரிசையாக நாற்பது இருக்கலாம், அதில் ஒன்றைக்கூட இரண்டாவது முறை எடுக்கத் தோன்றாது. இன்னொன்றில் ஒரே ஒரு கவுன்ட்டர், நாலே பதார்த்தம். ஆனால் நாம் கேட்ட பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் நல்ல லவுஞ்ச். அதனால் எந்த லவுஞ்சுக்குள் போனாலும் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பேன்: கேட்ட பிறகு சமைக்கப்படுவது ஏதாவது இங்கே இருக்கிறதா?

இதைப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல லவுஞ்சுகளில் முழு சமையலறை கிடையாது. விமான நிலைய முனையத்துக்குள் எரிவாயு அடுப்பு வைப்பதற்கும் புகைபோக்கி அமைப்பதற்கும் கட்டுப்பாடுகள் அதிகம். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டித்தான் போக வேண்டும். எனவே சாப்பாட்டை வேறோர் இடத்தில் சமைத்து, குளிரவைத்து, வண்டியில் கொண்டுவந்து, இங்கே சூடாக்கி, மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துவிடுகிறார்கள். சூடாக வைக்கும் உணவு கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமானால் அதை ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். பிரிட்டன் விதிப்படி 63 டிகிரி செல்சியஸ், அமெரிக்காவின் உணவு விதித்தொகுப்பின்படி 57 டிகிரி. உடம்புக்கு இது பாதுகாப்பு. ஆனால் அந்த வெப்பத்தில் மணிக்கணக்காக இருக்கும் உணவு விடாமல் வெந்துகொண்டே இருக்கிறது.

முட்டைப் பொரியலை எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் போகப் போக அதிலிருந்து தண்ணீர் பிரியும், மிச்சம் ரப்பர் மாதிரி ஆகிவிடும். சில சமயம் லேசான பச்சை நிறம்கூட வரும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்வதால் வரும் நிறம் அது; ஆபத்து இல்லை, ஆனால் வெகுநேரமாகச் சூட்டில் இருந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பொரித்த எதையும் மூடிய பாத்திரத்தில் வைத்தால் அதன் ஆவியே திரும்ப அதன்மேல் படிந்து, மொறுமொறுப்பு போய்விடும். பாஸ்தா ஊறி உப்பிவிடும். கிரில் செய்த மீனும் கோழி நெஞ்சுக்கறியும் நார் நாராகிவிடும்.

தாங்குகிற பதார்த்தங்களும் உண்டு. சூப், குழம்பு, பருப்பு, நீண்ட நேரம் வேகவைத்த இறைச்சி ஆகியவற்றுக்கு இந்தச் சூடு பெரிய கேடு செய்வதில்லை, சிலதுக்கு நன்மையே செய்கிறது. இதைத் தெரிந்து மெனு போடுகிறவர்களும் இருக்கிறார்கள், தெரியாமல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். லவுஞ்சுகளுக்கு இடையே நான் காணும் பெரிய வித்தியாசம் இங்கேதான். பணம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

ஜப்பான் ஏர்லைன்ஸின் சகுரா லவுஞ்ச் இதற்கு அருமையான உதாரணம். அங்கே பேர் பெற்றது ஒரு மாட்டிறைச்சிக் கறி. ஜப்பானிய பாணியில் கெட்டியான குழம்பு, பக்கத்தில் சாதம், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அலங்காரம் எதுவும் கிடையாது. ஆனால் பஃபே பாத்திரத்தில் எத்தனை நேரம் இருந்தாலும் தன் குணம் மாறாத ஒரு பதார்த்தத்தைத் தேர்ந்தெடுத்து, அதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். அந்தக் கறிக்காகவே சீக்கிரம் விமான நிலையத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பே இல்லை. பஃபேயும் நன்றாக இருக்க முடியும் என்பதற்கு அதைத்தான் காட்டுவேன்.

ஹாங்காங்கில் கேத்தே பசிபிக் விமான நிறுவனத்தின் ‘தி பியர்’ பிசினஸ் லவுஞ்ச் வேறு வழியில் போகிறது. அங்கே நூடுல்ஸ் பார் என்று தனியாக ஒன்று உண்டு. வான்டன் நூடுல்ஸ், டான் டான் நூடுல்ஸ் மாதிரி சின்னப் பட்டியல்தான். கவுன்ட்டரில் சொன்னால், கொதிக்கும் தண்ணீரில் நூடுல்ஸை முக்கி எடுத்து, சூப் ஊற்றி, சில நிமிடங்களில் கிண்ணம் கைக்கு வந்துவிடும். இந்தத் தேர்வில் உள்ள புத்திசாலித்தனத்தைப் பாருங்கள். தீக்கொழுந்து வேண்டாம், பெரிய அடுப்பு வேண்டாம். சூப்பை முன்கூட்டியே நன்றாகத் தயாரித்துவிடலாம். கடைசி நிமிட வேலை மட்டும்தான் அங்கே நடக்கிறது. சாப்பிடுகிறவருக்கு அது புதிதாகச் சமைத்த உணவு. முனையத்தின் எல்லாக் கட்டுப்பாடுகளுக்குள்ளும் இருந்துகொண்டே ருசியைக் காப்பாற்றுகிற வழி இது. ஜப்பானின் இன்னொரு விமான நிறுவனமான ஏஎன்ஏவின் லவுஞ்சுகளிலும் உடோன், சோபா நூடுல்ஸ் இதே மாதிரி கேட்டு வாங்கலாம்.

இஸ்தான்புல்லில் டர்கிஷ் ஏர்லைன்ஸ் லவுஞ்ச் பிரம்மாண்டமானது. பெரிய இடமென்றால் உணவு சுமாராகத்தான் இருக்கும் என்பது என் பொதுவான அனுபவம். அங்கே அது பொய்த்துப்போகக் காரணம், ஆங்காங்கே ஆட்களை நிறுத்திக் கண்ணெதிரே செய்யவைத்திருப்பதுதான். பிடே ரொட்டி அடுப்பிலிருந்து வருகிறது, கொஸ்லெமே மாவைத் தேய்த்துச் சுடுகிறார்கள். அதே லவுஞ்சில் சாதாரண பஃபே பாத்திரங்களும் இருக்கின்றன. இரண்டிலும் கொஞ்சம் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். மசாலாவும் கைப்பக்குவமும் ஒன்றுதான், அடுப்புக்கும் தட்டுக்கும் இடையிலான நேரம்தான் வேறு.

சிட்னியில் ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவான்டஸின் ஃபர்ஸ்ட் லவுஞ்ச் பஃபேயை நம்பாமல், உணவகம் போல மேசையில் உட்காரவைத்து ஆர்டர் எடுக்கிறது. சமையல் கலைஞர் நீல் பெர்ரியின் யோசனையில் உருவான மெனு. அதில் உப்பும் மிளகும் தூவிப் பொரித்த கணவாய் பெயர் வாங்கிய பதார்த்தம். பொரித்த கணவாயைப் பஃபேயில் வைத்திருந்தால் பத்து நிமிடத்தில் பாழாகியிருக்கும். இந்த மேசைச் சாப்பாட்டு முறை இப்போது பிசினஸ் வகுப்புக்கும் பரவிக்கொண்டிருக்கிறது. அமெரிக்க விமான நிறுவனமான யுனைடெட், பிசினஸ் வகுப்புக்கான தன் முதல் போலாரிஸ் லவுஞ்சை 2016-இல் சிகாகோவில் திறந்தபோதே ஆர்டர் எடுத்துப் பரிமாறும் பகுதியை வைத்தது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான டெல்டாவும் 2024-இல் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி நிலையத்தில் திறந்த லவுஞ்சில் அதையே செய்தது. இது நல்ல போக்கு. மனதார வரவேற்கிறேன்.

சரி, இவையெல்லாம் விமான நிறுவனங்கள் விலை உயர்ந்த டிக்கெட் வாங்கியவர்களுக்காக நடத்துபவை. நம்மில் பலருக்கு வாய்ப்பது வேறு வகை: கிரெடிட் கார்டைக் காட்டி நுழையும் பொது லவுஞ்ச். 1992-இல் பிரையாரிட்டி பாஸ் வந்தது; பல லவுஞ்சுகளுக்குள் நுழைய அனுமதி தரும் உறுப்பினர் திட்டம் அது. 1998-இல் பிளாசா பிரீமியம் என்ற நிறுவனம், எந்த விமான நிறுவனத்தையும் சாராத லவுஞ்சுகளை நடத்த ஆரம்பித்தது. எந்த வகுப்பில் பறந்தாலும் உள்ளே போகலாம் என்பது உண்மையிலேயே நல்ல மாற்றம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சாப்பாட்டின் தரம் ஏன் இங்கே தடுமாறுகிறது என்று புரிய, பணம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். நாம் உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் கார்டு தரப்பு அல்லது அந்தத் திட்டத்தை நடத்துபவர், லவுஞ்ச் நடத்துபவருக்கு ஒரு தொகை தருகிறார். பேசிவைத்த தொகை அது. நாம் என்ன சாப்பிட்டோம், நன்றாக இருந்ததா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விமான நிறுவனத்தின் சொந்த லவுஞ்சில் சாப்பாடு மோசமாக இருந்தால் பயணி அடுத்த முறை வேறு நிறுவனத்தில் டிக்கெட் எடுத்துவிடுவார் என்ற பயமாவது இருக்கும். இங்கே அந்தப் பயம் மிகக் குறைவு. அந்த முனையத்தில் உங்கள் கார்டு செல்லும் லவுஞ்ச் அது ஒன்றுதான் என்றால், நீங்கள் எங்கே போய்விடப் போகிறீர்கள்?

பின்னிரவில் ஒரு பொது லவுஞ்சுக்குள் போயிருக்கிறேன். பெயர் வேண்டாம். பாத்திர மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிய சாதம், அடியில் இரண்டு கரண்டி குழம்பு. பக்கத்தில் இருந்த ஊழியரிடம் கேட்டேன். அடுத்த வண்டி வரும்வரை இதுதான் என்றார், உண்மையான வருத்தத்தோடு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இரவு விமானங்கள் இத்தனை இருக்கும்போது அந்த நேரத்துக்கு ஒரு பானை சூப்பாவது வைக்க வேண்டும் என்று திட்டமிடாதவர்கள்மேல்தான் கோபம். சூப்புக்கு என்ன பெரிய செலவு?

கூட்டம் இன்னொரு பெரிய விஷயம். கிரெடிட் கார்டு நிறுவனமான அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2013-இல் லாஸ் வேகாஸில் முதல் சென்ச்சூரியன் லவுஞ்சைத் திறந்தபோது, கார்டு லவுஞ்சிலும் இப்படிச் சாப்பாடு கிடைக்குமா என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். பெயர் பெற்ற சமையல் கலைஞர்களை வைத்து மெனு உருவாக்கும் வழக்கத்தை அது கொண்டுவந்தது. ஆனால் கூட்டம் ஏறிக்கொண்டே போக, 2019-இல் புறப்படுவதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்னால் வந்தால் அனுமதியில்லை என்று விதி போட வேண்டியதாயிற்று. மெனுவை உருவாக்கியவர் எவ்வளவு பெரிய சமையல் கலைஞராக இருந்தாலும், வாசலில் வரிசை நிற்கும்போது அது தட்டில் அப்படியே வராது. நெரிசலுக்கு ஈடுகொடுக்க ஆழமான பாத்திரத்தில் ஒரே தடவையாக நிறையக் கொட்டி வைப்பார்கள், கீழே இருப்பது கூழாகிவிடும். ஆழமில்லாத சின்னத் தட்டுகளை அடிக்கடி மாற்றிக்கொண்டிருக்கும் லவுஞ்சைப் பார்த்தால் தைரியமாகச் சாப்பிடுங்கள். அங்கே யாரோ அக்கறையோடு வேலை செய்கிறார்கள்.

‘விமானத்தில்தான் சாப்பாடு தருவார்களே, லவுஞ்சில் ஏன் இவ்வளவு எதிர்பார்ப்பு?’ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குத் தரையில் சாப்பிடுவதே மேல். மேலே கேபினில் காற்றழுத்தம், பொதுவாக ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடும். காற்று வறண்டு மூக்கு காய்ந்துபோகும், வாசனை குறையும். லுஃப்தான்சா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வில், அந்தச் சூழலில் உப்புச் சுவை 20 முதல் 30 சதவீதமும், இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் மங்கலாகத் தெரிவதாகக் கண்டார்கள். அதே பதார்த்தம் தரையில் முழு ருசியோடு கிடைக்கும். இரவு விமானமென்றால் இன்னொரு லாபமும் இருக்கிறது. லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனால் ஏறியதும் தூங்கிவிடலாம், நடு ஆகாயத்தில் தட்டு வரும்வரை கண் விழித்திருக்க வேண்டியதில்லை. நீண்ட பயணத்தில் அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம் பெரிய விஷயம். அதனால்தான் லவுஞ்ச் சாப்பாட்டை ஒரு வேளை உணவாகவே கருத வேண்டும் என்கிறேன்.

ஒரு குறை மட்டும் விலை உயர்ந்த லவுஞ்ச், சாதாரண லவுஞ்ச் என்ற பேதமில்லாமல் எல்லா இடத்திலும் என்னை உறுத்துகிறது: பெயர்ச் சீட்டு. பாத்திரத்தின் முன்னால் ‘காய்கறிக் குழம்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. அதில் பால் இருக்கிறதா, வேர்க்கடலை இருக்கிறதா, மீன் சாஸ் சேர்த்தார்களா? ஒவ்வாமை உள்ளவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், மத நெறிப்படி சில இறைச்சிகளைத் தவிர்ப்பவர்களுக்கும் இது மரியாதை சார்ந்த விஷயம். சமையல் வேறெங்கோ நடப்பதால் அங்கே நிற்கும் ஊழியருக்கும் விடை தெரிவதில்லை. ஒரு சின்ன அட்டை, நாலு குறியீடு, அவ்வளவுதான் வேண்டும். பளிங்கு மேசைக்குச் செலவழித்தவர்கள் இதைச் செய்யாமல் இருப்பதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பழம், காபி பற்றியும் ஒரு வார்த்தை. நறுக்கிக் குளிரவைத்த பழத்தில் குளிர்ச்சிதான் தெரியும், இனிப்பு தெரியாது. முழுப் பழம் இருந்தால் அதையே எடுப்பேன். காபியை ஆள் நின்று போடுகிற இடமென்றால் வரிசையில் காத்திருப்பேன்.

பிரையாரிட்டி பாஸ் திட்டத்தில் சில நாடுகளின் விமான நிலையங்களில், லவுஞ்சுக்குப் பதிலாக முனையத்திலுள்ள உணவகத்தில் பில் தொகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. எல்லாக் கார்டுக்கும் இது கிடைக்காது, உங்கள் கார்டுக்கு உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பு இருந்தால், லவுஞ்ச் வாசலில் கூட்டத்தைப் பார்த்ததுமே நான் அந்தப் பக்கம் நடந்துவிடுவேன். மெத்தை நாற்காலி இருக்காது, சத்தம் இருக்கும். ஆனால் நான் கேட்டதை எனக்காகச் சமைத்து, சூடாகக் கொண்டுவந்து வைப்பார்கள்.

இனி லவுஞ்ச் படம் போடும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை வகை என்று எண்ணி எழுதுவதோடு, எத்தனை மணிக்குப் போனீர்கள், எந்தப் பதார்த்தத்தைக் கேட்ட பிறகு செய்து தந்தார்கள், எது தீர்ந்துபோய் எவ்வளவு நேரத்தில் திரும்ப நிரப்பினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விடியற்காலை விமானத்துக்குப் போகிற ஒருவருக்கு மதியம் எடுத்த படத்தால் பயனில்லை.