ஒற்றை த்ரெட் என்றாலே பாதுகாப்பு என்று யார் சொன்னது?

"ஒரே த்ரெட்டில் ஓட்டுங்கள், எந்தச் சிக்கலும் வராது" என்று நேற்று மூத்த நண்பர் ஒருவர் வெப் சர்வரில் நிரல் ஓட்டுவது பற்றிய விவாதத்தையே முடித்து வைத்ததையும், மறுத்துக் கேட்ட இளைஞரை "அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பியதையும் பார்த்திருப்பீர்கள். (த்ரெட் என்பது நிரலின் கட்டளைகள் வரிசையாக ஓடும் ஒரு தடம்; ஒரே நிரலில் பல தடங்கள் ஒரே சமயத்தில் ஓடலாம்.) எனக்கு அது தாங்கவில்லை. அந்த இளைஞர் கேட்டதுதான் அடிப்படை: என் நிரலை எத்தனை த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் அழைக்கும் என்பதை சர்வர் எனக்குச் சொல்ல வேண்டாமா?

சொல்லத்தான் வேண்டும். சர்வரும் அப்ளிகேஷனும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று பைத்தான் மொழிக்காக 2003இல் எழுதப்பட்ட டபிள்யூஎஸ்ஜிஐ வரையறையிலேயே, பயனரிடமிருந்து வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்டுடனும் சர்வர் 'மல்டித்ரெட்', 'மல்டிபுராசஸ்' என்னும் இரண்டு மதிப்புகளைத் தர வேண்டும் என்று இருக்கிறது. அதே புராசஸுக்குள், அதாவது தனக்கென நினைவகத்துடன் ஓடும் அதே நிரலுக்குள், இன்னொரு த்ரெட்டும் இதே அப்ளிகேஷனை அழைக்கக்கூடும் என்றால் முதல் மதிப்பு உண்மை என்று வரும். அதை எத்தனை பேர் படித்துப் பார்க்கிறோம்?

நான் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்த பயனரின் விவரத்தை எல்லா ரிக்வெஸ்டுகளும் பகிரும் ஒரு குளோபல் மாறியில் வைத்திருந்தேன். என் கணினியில் ஒரே த்ரெட் என்பதால் மாதக்கணக்கில் பிழையே தெரியவில்லை. பல த்ரெட்டுகள் ஓடும் உண்மையான சர்வரில் ஏற்றிய பிறகு, ஒருவரின் முகவரி இன்னொருவரின் திரையில் வந்தது. அவர் பதறிப்போய் எழுதிய கடிதத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"அதனால்தான் ஒற்றை த்ரெட் என்கிறோம்" என்பீர்கள். ஜாவாவில் ரிக்வெஸ்டுகளுக்குப் பதில் தரும் சர்வ்லெட்டில் 'சிங்கிள்த்ரெட்மாடல்' என்ற பெயரிலேயே ஓர் இன்டர்ஃபேஸ் இருந்தது. ஒரு சர்வ்லெட் ஆப்ஜெக்டை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே தொடும் என்று அது உறுதியளித்தது. ஆனால் ஒரு பயனருக்காகச் சேமித்து வைக்கும் செஷனில் இருப்பவற்றையும், எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும் பொதுவான ஸ்டாடிக் மாறிகளையும் மற்ற ரிக்வெஸ்டுகள் தொடுவதை அது தடுக்கவில்லை, ஆகவே 2.4 பதிப்பில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸிலும் ஒரு மதிப்பைப் படித்துவிட்டு, டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருந்து, பிறகு எழுதினால், இடைப்பட்ட நேரத்தில் வேறொரு ரிக்வெஸ்ட் அதை மாற்றியிருக்கலாம். அங்கே நம் நிரலை ஓட்டுவது ஒரே த்ரெட்தான். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே ஓடவிடும் பைத்தானின் ஜிஐஎல் என்ற பூட்டும் படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே த்ரெட் மாறுவதைத் தடுப்பதில்லை.

தனித்தனிப் புராசஸ்களாக ஓட்டுவது எளிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நினைவகம் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான். என் வருத்தம் அதைப் பற்றியதே அன்று. இதே கேள்வியை நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது கேட்டேன். இதே பதில்தான் எனக்கும் கிடைத்தது. வெட்கப்பட்டு அதன்பின் யாரிடமும் கேட்காமல்தான் அந்தக் குளோபல் மாறியை எழுதினேன்.

இன்று காலை பார்த்தேன், அந்த இளைஞர் தன் கேள்வியையே நீக்கியிருக்கிறார்.