அந்த "அப்பாடா"

டாலஸிலிருந்து தங்கச்சி நேற்று ராத்திரி கூப்பிட்டாள். "அக்கா, பையனுக்கு ஸ்கூல்ல எம்எம்ஆர் ஊசி கேக்குறாங்க. நம்ம ஊர்லயே ரெண்டு தவணை போட்டாச்சே? விலக்கு ஃபார்ம் ஒண்ணு இருக்காம், அதைக் கொடுத்துடவா?"

அவள் இருக்கிற டெக்சாஸில் 'மனசாட்சி' என்று காரணம் சொல்லியே பள்ளித் தடுப்பூசிக்கு விலக்கு வாங்கலாம். (புதுசில்லை, அம்மை குத்துவதற்கு 1898லேயே இங்கிலாந்தில் இப்படி ஒரு விலக்கு உண்டு.) இவளுக்கு மனசாட்சியெல்லாம் உறுத்தவில்லை, அலைச்சல்தான். நம் அரசு மையத்தில் போட்டது எம்ஆர், அதாவது தட்டம்மையும் ரூபெல்லாவும் மட்டும். அங்கே பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்எம்ஆர் கேட்கிறார்கள்.

விலக்கு கேட்பவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று திட்ட எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. ஏனென்றால் 2019 ஜனவரி. டெல்லிப் பள்ளிகளில் எம்ஆர் ஊசி போடப் போவதாக என் பையன் டைரியில் ஒரு சீட்டு ஒட்டி வந்தது, இரண்டே வரி, என்ன மருந்து, ஏற்கெனவே போட்ட பிள்ளைக்கு மறுபடி எதற்கு, காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது, ஒன்றும் கிடையாது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஆட்டிசம் வரும் என்று ஒருவர் ஆரம்பித்தார். அந்தக் கதை கிளம்பிய 1998 கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது, ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு அதையெல்லாம் யார் தேடிப் படிக்கிறார்கள்? கும்பகோணத்திலிருந்து மாமியார் வேறு, "நோவு வந்தா தலையெழுத்து. ஊசி போட்டு ஏதாவது ஆச்சுன்னா நீதானம்மா போட்டே" என்றார்.

பெற்றோர் சம்மதமில்லாமல் போடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்த செய்தி வந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. கார்டில் ஒரு தேதி தவறாமல் பிள்ளைக்கு ஊசி போட்ட எனக்கு! பயந்தது ஊசிக்கு இல்லை, அந்த "நீதானே போட்டே"வுக்கு. இந்த விலக்குப் படிவங்களில் பாதி அந்தப் பழிக்குப் பயந்து வாங்குவதுதான் என்று நினைக்கிறேன். பாவம், அவர்கள் கேட்கிற கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் இல்லை, படிவம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

ஆனால் 2025இல் அதே டெக்சாஸின் மேற்குப் பகுதியில் தொடங்கிய ஒரே பரவலில் 762 பேருக்குத் தட்டம்மை. செத்துப்போன இரண்டு குழந்தைகளும் ஊசி போடாதவர்கள். தங்கச்சியிடம் இதைச் சொல்லிவிட்டு, இரண்டு தவணை போட்ட பிள்ளைக்கு இன்னொன்று போட்டால் கெடுதல் இல்லை, சந்தேகமிருந்தால் டாக்டரிடமே கேள், படிவத்தைத் தொடாதே என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஊசி போடுறப்ப அவனை யாருக்கா பிடிச்சுக்கிறது? இவருக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம்" என்றாள்.

வியாழக்கிழமை வீடியோ காலில் நான் நரிக்கதை சொல்வதாக ஏற்பாடு.