புதினிடம் பேட்டி கேட்டவர்கள் பலர்

"உக்ரைன் போர் தொடங்கிய பின் புதினைப் பேட்டி காண மேற்கத்தியச் செய்தியாளர் எவரும் முயலவில்லை, அமெரிக்க ஊடகவியலாளர் டக்கர் கார்ல்சன் மட்டுமே முன்வந்தார்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் கார்ல்சன் இப்படிச் சொன்ன மறுநாளே, அது சரியல்ல, பேட்டி கேட்டுப் பல கோரிக்கைகள் வருகின்றன என்று ரஷ்ய அதிபர் மாளிகையான கிரெம்ளினின் செய்தித் தொடர்பாளர் பெஸ்கோவே மறுத்துவிட்டார். பிபிசியின் ஸ்டீவ் ரோசன்பெர்க்கும் தாங்கள் பலமுறை விண்ணப்பித்ததாகவும், ஒவ்வொரு முறையும் இல்லை என்ற பதிலே வந்ததாகவும் எழுதினார். கேட்டவர்களில் எவருக்கு இசைவது என்பதைத் தீர்மானித்தது கிரெம்ளின்தான். அந்தப் பேட்டி பதிவான நாளில், ரஷ்ய நகரமான யெகாதெரின்பர்கில் செய்தி சேகரிக்கச் சென்று 2023 மார்ச்சில் கைதான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் செய்தியாளர் எவான் கெர்ஷ்கோவிச் மாஸ்கோ சிறையில் இருந்தார்; அவரை விடுவிக்குமாறு கார்ல்சனே இறுதியில் புதினிடம் கேட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்படியிருக்க, மற்றவர்கள் முயலவே இல்லை என்று பரப்புவது பெரும் அநீதி. அந்த வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.