விளம்பரத்துக்கு வர்ற கோபம் தண்ணிக்கு ஏன் வரமாட்டேங்குது?

நேத்து சாயங்காலம் கடைல நடந்ததை எழுதாம இருக்க முடியலைங்க. கேரளாவுல பாலக்காட்டு எல்லைல, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்ன மளிகைக்கடை எங்களோடது, வீட்டுக்காரர் சரக்கெடுக்க பொள்ளாச்சி போயிடுவாரு, கல்லால நான்தான். நாலு பசங்க வந்தாங்க, நம்மூருப் பசங்கதான், ஒருத்தனை எல்கேஜி போறப்ப இருந்து தெரியும். சரமாத் தொங்கற டீத்தூள் பாக்கெட்டைக் காட்டி "அக்கா இதை ஏன் இன்னும் விக்கறீங்க, இவனுங்க விளம்பரம் பாத்தீங்களா, நம்ம சாமியக் கேவலப்படுத்திட்டானுங்க"ன்னு ஒருத்தன் கேக்கறான், இன்னொருத்தன் போனைத் தூக்கி வீடியோ எடுக்கறான். என் மூஞ்சி, கடை போர்டு எல்லாம் அதுல விழுது. அந்த விளம்பரத்தை நான் பாத்ததே இல்ல. கேட்டா அவங்கள்ல ரெண்டு பேரும் பாக்கலையாம், வாட்சப்ல வந்துச்சாம்.

அந்தச் சரத்துல பத்து ரூபா பாக்கெட் ஒண்ணு வித்தா எனக்கு ஒரு ரூபா நிக்கறதே பெருசு. சரக்கு கொண்டு வந்து போடற லைன் வண்டிக்கு போன வாரமே காசு குடுத்தாச்சு, கம்பெனிக்கு சேரவேண்டியது சேந்தாச்சு. இப்ப அதை நான் கழட்டி உள்ள வெச்சா நஷ்டம் யாருக்கு? கம்பெனிக்கா? எக்ஸ்பைரி ஆனா மாத்திக் குடுக்கறதுக்கே லைன் பையனை நாலு தடவை கெஞ்சணும். இதைச் சொன்னா அந்தப் பசங்களுக்குப் புரியல, "அப்ப உங்களுக்கு காசுதான் முக்கியமா"ன்னு கேட்டான் ஒருத்தன். ராத்திரி வரைக்கும் அந்த ஒரு வார்த்தை மனசைப் போட்டு அறுத்துச்சு.

நான் புறக்கணிப்புக்கு எதிரி இல்ல, அதை மொதல்ல சொல்லிடறேன். வ.உ.சி. 1906ல கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்ப வெள்ளைக்காரன் கம்பெனி டிக்கெட் விலையைக் குறைச்சுப் பாத்துச்சு, கடைசில சும்மாவே ஏத்திக்கிறேன், குடையும் தர்றேன்னு கூப்பிட்டுச்சு, அப்பவும் நம்ம சனங்க காசு குடுத்து சுதேசிக் கப்பல்ல போனாங்க. அந்தக் கோபத்துக்குப் பின்னாடி ஒரு கப்பல் நின்னுச்சு, வேண்டாம்னு சொல்றவனுக்கு ஏறிப்போக வழி இருந்துச்சு. அதேமாதிரி 2021 அக்டோபர்ல தமிழ்நாட்டுல ஒரு கஸ்டமர் கிட்ட சொமாட்டோ ஆளு இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும்னு சொல்லி பெரிய சண்டையாச்சில்ல, அன்னிக்கு நானும் கோபப்பட்டேன், ஆப்பை அழிச்சேன். மலையாளத்துல மட்டும் அச்சடிச்ச பாரத்தை நீட்டுற ஆபீஸ் வாசல்ல நின்னு வளந்தவ நான், பாலக்காட்டுத் தமிழச்சிக்கு அது சுருக்குன்னு குத்தும். ஆனா பாருங்க, அங்க கேட்டது என்னன்னு எல்லாருக்கும் தெளிவா தெரியும், எங்க மொழியில பேசுங்கன்னு. கம்பெனி அன்னிக்கே தமிழ்ல மன்னிப்பு போட்டுச்சு, கோயம்புத்தூர்ல தமிழ் கால்சென்டர் வைக்கறோம்னுச்சு. ஆனா அந்தக் களேபரத்துல மொதல்ல வேலை போனது போனுக்கு அந்தப்பக்கம் இருந்த சம்பளக்காரப் புள்ளைக்குத்தான். அப்புறம் திருப்பி எடுத்துக்கிட்டாங்க, சரி. ஆனாலும் அடி மொதல்ல எங்க விழுதுன்னு பாக்கணும்ல.

2020ல தனிஷ்க் விளம்பரம் வந்தப்பவும் இதேதான். முஸ்லிம் வீட்டுக்கு வாழப்போன இந்துப் பொண்ணுக்கு மாமியார் வளைகாப்பு பண்றாங்க, அவ்வளவுதான் அந்த விளம்பரம், நான் பாத்தேன், அதுல ஒரு குத்தமும் எனக்குத் தெரியல. குஜராத் காந்திதாம்ல இருக்கற அவங்க கடைல கதவுலயே மன்னிப்பு எழுதி ஒட்டுற நிலைமை வந்துச்சு. கடைல வேலை பாக்கறவங்க பாதுகாப்பையும் சொல்லித்தான் கம்பெனி விளம்பரத்தையே எடுத்துச்சு. 2019ல சர்ஃப் எக்ஸெல் ஹோலி விளம்பரத்துக்கு கோபப்பட்டு மைக்ரோசாப்ட் எக்ஸெல் ஆப்புக்குப் போய் ஒத்தை ஸ்டார் போட்டாங்க, எதை அடிக்கறோம்னு கூடப் பாக்கல. அந்த வேகம் எனக்கு பயமா இருக்கு.

ஏன்னா நாங்க இருக்கற இடம் அப்படி. இங்கிருந்து பஸ் ஏறினா பிளாச்சிமடை ஒண்ணும் தூரமில்ல. 2000ல அங்க கோக்கோகோலா பாக்டரி வந்துச்சு, கொஞ்ச நாள்லயே கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சு, சோறு பொங்கக்கூட ஆகலைன்னு அந்தக் காலனி சனங்க சொன்னாங்க. பாக்டரிக் கழிவை உரம்னு விவசாயிங்களுக்குக் குடுத்தாங்க, 2003ல பிபிசி ரேடியோக்காரங்க அதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்தா ஈயமும் காட்மியமும் இருந்துச்சு. 2002 ஏப்ரல் 22ல பாக்டரி கேட்டுக்கு எதிர்ல பந்தல் போட்டு உக்காந்தாங்க, முன்னாடி நின்னது மயிலம்மா, இரவாளர் சாதி ஆதிவாசி அம்மா. பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டேன்னுச்சு. 2004 மார்ச்ல பாக்டரி நின்னுச்சு.

நான் அப்ப சித்தூர் காலேஜ்ல படிச்சுட்டிருந்தேன். ஒருநாள் சிநேகிதிங்களோட அந்த சமரப்பந்தலுக்குப் போனோம். ஓலைப்பந்தல், கீழ சாக்கு விரிச்சு பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, ஓரத்துல பிளாஸ்டிக் குடங்க வெயில்ல வரிசையா, ஒண்ணுல கூட தண்ணி இல்ல. ஒரு பாட்டி என் கையப் புடிச்சு "எந்தூரு கண்ணு, உங்கூர்ல கிணத்துத் தண்ணி நல்லாருக்கா"ன்னு கேட்டுச்சு. நல்லாருக்குங் பாட்டின்னேன். "பத்திரமா வெச்சுக்கோங்க"ன்னுச்சு. அந்த மாசமே எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம், பந்திக்குப் பந்தி கலர் பாட்டில் அடுக்கியிருந்தாங்க, நானும் வாங்கிக் குடிச்சேன். இது வேண்டாம்னு எங்க தெருவுல ஒருத்தர் சொல்லல, நானும் சொல்லல. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பாட்டி கைச்சூடு எனக்கு மறக்கல.

2017ல ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிஞ்ச கையோட தமிழ்நாட்டு வியாபாரிங்க சங்கம் மார்ச் 1ல இருந்து கோக், பெப்சி விக்கமாட்டோம்னு அறிவிச்சாங்க. தாமிரபரணித் தண்ணியை கம்பெனிங்களுக்குக் குடுக்காதீங்கன்னு ஒரு நியாயமான காரணமும் அதுல இருந்துச்சு. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி அந்தப்பக்கம் போனா கடைல பவண்டோவும் பன்னீர் சோடாவும் நிக்கும், இந்தப்பக்கம் எல்லாம் பழையபடி. எனக்கு அவ்வளவு சந்தோஷம், பதினஞ்சு வருசம் கழிச்சாவது யாரோ தண்ணிக்காகக் கோபப்படறாங்களேன்னு. மார்ச் 2ந்தேதியே மதுரை ஹைகோர்ட்டு, தாமிரபரணித் தண்ணியை கம்பெனிங்களுக்குக் குடுக்கக்கூடாதுன்னு முன்னாடி போட்டிருந்த தடையை எடுத்துருச்சு. அப்பத்தான் கெட்டியா நின்னிருக்கணும். கோடை முடியறதுக்குள்ள நான் பாத்த கடைங்கள்ல எல்லாம் அந்த பாட்டிலுங்க திரும்பி வந்து உக்காந்துருச்சு.

விளம்பரத்துல ஒரு பொண்ணு யார் வீட்டுல வாழறாங்கறதுக்கு ஒரே நாள்ல ஊரே கொதிக்குது, கிணறு கெட்டதுக்கு கொதிக்க மாட்டேங்குது. யாருக்கு வலிச்சுச்சு, அவங்க என்ன கேக்கறாங்க, குடுத்தா நிறுத்துவோமா, இந்த மூணும் தெரியாம கடைக்காரி முன்னாடி போனைத் தூக்கிட்டு நிக்கறது எனக்கு நியாயமாப் படல.

இன்னிக்குக் காலைல அந்த எல்கேஜி பையன் மட்டும் பால் பாக்கெட்டுக்கு வந்தான், தலை நிமிரல. அவன் டெய்லி பஸ்ல அந்த பாக்டரி காம்பவுண்டைத் தாண்டித்தான் போறான், அது என்ன சுவருன்னு தெரியுமா கண்ணுன்னு கேட்டேன். தெரியாதுக்கான்னான். சொன்னேன், 216 கோடி நஷ்டம்னு அரசாங்கம் போட்ட கமிட்டியே கணக்கு சொன்னதையும், அதை வாங்கித்தர 2011ல கேரள சட்டசபைல மசோதா போட்டு அதுக்கு ஜனாதிபதி ஒப்புதல் வராமலே போனதையும் சேத்து. பால் பாக்கெட்டைக் கைல வெச்சுட்டே நின்னான்.

"அப்ப அவங்களுக்குக் காசு வரவே இல்லையாக்கா?"

வரல கண்ணுன்னேன்.