மயோனைஸைக் கோழியோடு பிசறிப் பொரியுங்கள்

போன நோன்பில் ஒரு நாள் கோழிக்கு மசாலா பிசறிக்கொண்டிருந்தேன். மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு எல்லாம் போட்ட பிறகு நாலு கரண்டி மயோனைஸையும் அள்ளிப் போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த மாமி பதறிவிட்டார். "என்னம்மா, அதை விக்கவே கூடாதுன்னு கவர்மெண்டே சொல்லிட்டாங்க. நீ கறியில போடுறியே?"

மாமியைக் குறை சொல்ல மாட்டேன். கீழக்கரையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 2025 ஏப்ரல் 8 முதல் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை போட்டது பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு மட்டும். முட்டை சேராத மயோனைஸுக்குத் தடை கிடையாது. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், அதுதான் பயம். நம் கடற்கரை வெக்கையில் கரண்ட் வேறு போய்ப் போய் வரும். காலையில் கடைந்து வைத்த மயோனைஸ் இரவு வரைக்கும் கடை மேசையில் டப்பாவோடு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? தடை சரிதான் என்பதுதான் என் கருத்து.

அதே கிருமி பச்சைக் கோழியிலும் இருக்கலாம். அதற்காக யாரும் கோழி வாங்காமல் இருப்பதில்லை, நன்றாக வேகவைத்துத் தின்கிறோம். உள்கறி 74 டிகிரி சூடு தொட்டால் சால்மொனெல்லா செத்துவிடும். அதனால்தான் சொல்கிறேன், மயோனைஸைத் தொட்டுக்கொள்ள வைப்பதைவிடக் கோழியில் பிசறிப் பொரிப்பது நல்லது.

ருசிக்கும் அதுதான் நல்லது. தயிரில் ஊறவைத்த கோழியைச் சட்டியில் போட்டால் தண்ணீர் விட்டுப் படபடவென்று தெறிக்கும், மசாலா பாதி எண்ணெயில் உதிர்ந்து கருகும். மயோனைஸ் பெரும்பாலும் எண்ணெய்தான். கெட்டியாக இருப்பதால் துண்டை விட்டு நகராது, மேலே போடும் மாவும் அப்படியே பிடித்துக்கொள்ளும். மிளகாயின் சிவப்பும் காரமும் எண்ணெயில்தான் கரையும். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாயை வறுத்துப் பொடித்து மயோனைஸில் குழைத்துப் பாருங்கள், ஐந்தே நிமிடத்தில் வெள்ளை போய்ச் செங்கல் நிறம் வந்துவிடும். அந்த நிறம் கறியின் மடிப்புக்குள்ளெல்லாம் இறங்கியிருக்கும். மயோனைஸில் உள்ள வினிகரின் புளிப்பு கறியை மிருதுவாக்கும்.

ஒரு கிலோ கோழிக்கு நாலு கரண்டி போதும். மயோனைஸிலேயே உப்பு இருக்கும், அதனால் வழக்கமாகப் போடுவதில் கொஞ்சம் குறையுங்கள். அன்று நான் அதை மறந்துவிட்டேன், உப்பு தூக்கலாகிவிட்டது. நம்மூரில் விற்கும் மயோனைஸ் பலதில் சர்க்கரையும் உண்டு. பெருந்தீயில் போட்டால் மேலே கறுத்து உள்ளே பச்சையாக நிற்கும். நடுத்தீதான் சரி. பிசறியதை இரண்டு மணி நேரம் பிரிட்ஜில் வையுங்கள். கோழியைத் தொட்ட கரண்டியைத் திரும்ப மயோனைஸ் பாட்டிலுக்குள் விடவே விடாதீர்கள். கோழி பிசறிய பாத்திரத்தில் மிஞ்சிய மசாலாவை வீணாகிறதே என்று எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

அன்று மாமி ஒரு தொடைத் துண்டைப் பிய்த்தார். மேல்தோல் மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே கறி ஈரமாக எலும்பை விட்டுக் கழன்று வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

புரோஸ்ட், அதாவது மாவு பிரட்டி மொறுமொறுவென்று பொரித்த கோழி என்றால் பக்கத்தில் வெள்ளைச் சாஸ் இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அரபு நாட்டுக்குப் போய் வந்தவர்களுக்குத் தூம் என்கிற பூண்டுச் சாஸ் தெரிந்திருக்கும். பூண்டு, உப்பு, எண்ணெய், எலுமிச்சைச் சாறு, அவ்வளவுதான், முட்டையே வேண்டாம். பூண்டையும் உப்பையும் மிக்ஸியில் அடித்து, எண்ணெயை நூல் மாதிரி விட்டு, இடையிடையே எலுமிச்சை பிழிந்தால் வெள்ளை வெளேரென்று திரண்டு வரும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான். அன்றைக்குத் தேவையானதை மட்டும் அடிப்போம், மறுநாளைக்கு வைப்பதில்லை.