ஜோக்ஜாவில் நிலம் வாங்கித் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு

ஒரே வாரத்தில் இரண்டு பேர் இன்பாக்ஸில் வந்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அக்கா, அங்க நிலம் ரொம்ப சல்லிசாமே, நாங்க பணம் அனுப்புறோம், உங்க வீட்டுக்காரர் பேர்ல ஒரு அரை ஏக்கர் வாங்கிப் போட முடியுமா?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் இருப்பது இந்தோனேசியாவில், ஜோக்ஜா என்று சுருக்கிச் சொல்லும் யோக்யகர்த்தா நகரத்துக்குத் தெற்கே, பந்துல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். ரிங் ரோட்டிலிருந்து ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். வீட்டுக்கு மேற்கே வயல், கிழக்கே மூங்கில் புதர், வடக்கே ஒரே அச்சில் வார்த்த மாதிரி பதினெட்டு புது வீடுகள். 2013 இல் கல்யாணமாகி நான் வந்தபோது வடக்கேயும் வயல்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவில் 1960 இல் வந்த அடிப்படை நிலச் சட்டம்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. நம் ஊரில் சொந்தப் பட்டா என்கிற அர்த்தத்தில் இங்கே இருப்பது 'ஹக் மிலிக்'. அது இந்தோனேசியக் குடிமகனுக்கு மட்டும். வெளிநாட்டுக்காரர் இங்கேயே குடியிருந்தால் 'ஹக் பாக்காய்' என்ற பயன்பாட்டு உரிமையில் வீடு வைத்துக்கொள்ளலாம், அதற்கும் கால வரம்பு உண்டு. சரி, உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கி நாம் அனுபவித்தால் என்ன என்று கேட்டால், அதற்காகவே 26 ஆம் பிரிவு இருக்கிறது. நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு நிலம் போகும்படி செய்த விற்பனை செல்லாது, நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பாலியில் இந்த மாதிரி பினாமி ஏற்பாட்டை நம்பி வில்லா கட்டி, பிறகு பெயர் கொடுத்தவரோடு சண்டையாகிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள் கதை ஏராளம். ஆக, உங்கள் கேள்விக்குப் பதில், முடியாது. முடிந்தாலும் செய்ய மாட்டேன்.

சட்டம் தெரிந்து பேசுகிறாள், இவளுக்கென்ன, புருஷன் உள்ளூர்க்காரன் என்று நினைப்பீர்கள். 2015 இல் எங்கள் வீட்டை ஒட்டின ஒரு துண்டு நிலத்தைக் கணவரின் சித்தப்பா விற்பதாக இருந்தார். நாங்கள் வாங்கலாம் என்று பத்திரம் எழுதுகிறவரிடம் போனோம். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு முன் சொத்துப் பிரிப்பு ஒப்பந்தம் போட்டீர்களா என்றார். தாலி கட்டுகிற அவசரத்தில் யாருக்கு அந்த நினைப்பு வரும்? போடவில்லை. அப்படியானால் வாங்குகிற நிலம் இருவருக்கும் பொதுச் சொத்து, பாதி வெளிநாட்டுக்காரிக்குப் போகும், எனவே உங்கள் கணவருக்கும் ஹக் மிலிக் கிடையாது என்றுவிட்டார். சொந்த நாட்டில், பிறந்த ஊரில், சித்தப்பாவிடம் நிலம் வாங்க முடியாமல் அவர் வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். என்னைக் கட்டியதால் வந்த வினை.

இதே சிக்கலில் மாட்டியவர் இகே பரீதா. ஜப்பானியரை மணந்த இந்தோனேசியப் பெண். அடுக்குமாடி வீடு வாங்கப் போய் மறுக்கப்பட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். 2016 அக்டோபரில் தீர்ப்பு வந்தது, கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஒப்பந்தத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று. எங்களைப் போல எத்தனை குடும்பம் அந்தப் பெண்மணிக்கு நன்றி சொன்னதோ. நாங்களும் போட்டோம். இவர் வாங்கும் நிலத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி அம்மா போனில், "உன் பேர்ல ஒரு சென்ட் மண்ணு இல்லாம என்ன தைரியத்துலடி இருக்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. சித்தப்பா அதற்குள் முக்கால் நிலத்தை ஜகார்த்தாக்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். எங்களுக்கென்று மூங்கில் புதர்ப் பக்கம் மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். அதுவும் பெரிய மனசுதான், அந்த ஒன்றரை வருடத்தில் விலை எங்கேயோ போய்விட்டது.

இவ்வளவு பட்ட பிறகும் வெளிநாட்டுக்காரருக்கு நிலம் கிடையாது என்ற அந்தத் தடை சரி என்றுதான் சொல்வேன். 2024 இல் இந்த மாகாணத்தின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 21 லட்சம் ரூபியா சொச்சம். லட்சம் என்றதும் வாயைப் பிளக்காதீர்கள், நம் ரூபாயில் பதினோராயிரம் பக்கம். நாட்டிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் மாகாணங்களில் ஒன்று. என் நாத்தனார் மகன் பட்டறையில் வேலை செய்கிறான், ஜகார்த்தா பணத்தோடு போட்டி போட்டே அவனால் சொந்த ஊரில் ஒரு மனை வாங்க முடியவில்லை. இதில் டாலரும் சிங்கப்பூர் வெள்ளியும் வந்து இறங்கினால் அவன் எங்கே போவான்? உங்களுக்குச் சல்லிசு என்றால் அது யாருக்கோ யானை விலை.

ஆனால் சட்டம் நல்லது என்று மொத்தமாகப் புகழவும் மாட்டேன். இந்த மாகாணத்தில் 1975 இல் போட்ட ஒரு உத்தரவு இருக்கிறது, சீன வம்சாவளியினருக்கு ஹக் மிலிக் கொடுக்கக் கூடாதென்று. தலைமுறை தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த குடிமக்கள், ஜாவானிய மொழியை என்னைவிடப் பத்து மடங்கு நன்றாகப் பேசுகிறவர்கள், காலக்கெடு வைத்த உரிமையை வாங்கிக்கொண்டு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்த்துப் போட்ட வழக்கையும் 2018 இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. நான் வெளிநாட்டுக்காரி, எனக்கு இல்லையென்றால் நியாயம். அவர்களுக்கு ஏன் இல்லை? இதைப் பேச்செடுத்தால் நல்ல மனிதர்கள்கூடச் சட்டென்று டீயைக் குடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

காகிதத்தில் இருப்பது ஒரு பக்கம். ஊருக்குள் சொத்து வேறு மாதிரி ஓடுகிறது. பல வீடுகளில் சமீபம் வரை 'லெட்டர் சி' என்ற கிராமக் கணக்குப் பதிவுதான் ஆதாரம். 2017 முதல் அரசே வந்து மொத்தமாக அளந்து சான்றிதழ் கொடுக்கிறது. எங்கள் தெருவை அளக்க வந்த நாளில் டீயும், தெம்பே என்கிற சோயா அடை வறுவலும் வைத்து, பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரையும் வரவழைத்து, எல்லைக்கல் நடுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அரை மீட்டர் மூங்கில் புதருக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் மூன்று மணி நேரம் பேசினார்கள். குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, எங்கள் தஞ்சாவூர்ப் பக்கமாக இருந்தால் அதற்குள் மண்வெட்டி வந்திருக்கும்.

பாகப்பிரிவினைக்கு இங்கே ஒரு பழமொழி உண்டு, 'செப்பிக்குல் செகெண்டோங்கான்'. ஆண் காவடியில் இரண்டு பக்கமும் சுமப்பான், பெண் முதுகில் ஒரு சுமை, அதனால் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. சம பங்கு கொடுக்கும் வழக்கமும் சேர்ந்தே இருக்கிறது. மாமியார் வீட்டில் சமமாகத்தான் பிரித்தார்கள். மூத்த நாத்தனாரை வம்புக்கு இழுக்க, சுமை பழமொழியை ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "தண்ணி தூக்கினது, நெல்லு தூக்கினது, புள்ள தூக்கினது எல்லாம் யாராம்?" என்றார்.

அப்புறம் இந்த ஊரில் குடியிருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது, அது ரூபியாவில் இல்லை. விருந்தாளி ராத்திரி தங்கினால் தெருத் தலைவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு முறைவைத்து இரவுக் காவல். போகிற வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்கும் சின்ன டப்பாவிலிருந்து 'ஜிம்பித்தான்' எடுப்பார்கள். முன்பு ஒரு சிட்டிகை அரிசி, இப்போது ஐநூறோ ஆயிரமோ சில்லறை. நம்மூர் பிடியரிசி மாதிரி. எங்கள் தெருவில் அந்தக் காசுதான் தெருவிளக்காகவும், யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் கைச்செலவாகவும் மாறுகிறது. 2006 மே 27 விடியற்காலை பூகம்பத்தில் பந்துல் மாவட்டம்தான் அதிகம் செத்தது. எங்கள் வீடும் அன்று விழுந்ததுதான். நான் வரும் முன்பே நடந்தது. அதைத் திரும்பக் கட்டியது கூலிக்கு வந்தவர்கள் இல்லை, இதே டப்பாக்காரர்கள்தான் என்று மாமியார் இன்றும் ஒவ்வொருவர் பெயராகச் சொல்வார்.

வடக்கே அந்தப் பதினெட்டு வீட்டில் டப்பா கிடையாது. கேட் இருக்கிறது, செக்யூரிட்டி இருக்கிறார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, வேலைக்குப் போய் இருட்டின பிறகு வருகிறவர்கள். ஆனால் போன மழைக்கு அவர்கள் சாக்கடைத் தண்ணீர் மேற்கு வயலுக்குள் வந்தபோது யாரிடம் போய்ப் பேசுவது என்றே தெரியவில்லை. கடைசியில் செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டு வந்தோம், அவரும் இந்த ஊர்க்காரர்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே மாமியார் கூப்பிடுகிறார். நாளைக் கழித்து நான்காவது வீட்டில் கல்யாணம், இன்றே சமையலுக்குக் கைகொடுக்கப் போக வேண்டும். பத்து வருடமாக எனக்கு வெங்காயம் உரிக்கும் வேலைதான். இந்த முறை தேங்காய் துருவச் சொல்லியிருக்கிறார்கள். சம்பல் பக்கம் இன்னும் விடவில்லை.